பழைய புல்லட்டில் ஆயில் கசிவு: வீட்டிலேயே சரிசெய்ய விரும்புவோர் கேட்கும் கேள்விகள்

இங்கே சொல்லப்படுவது வார்ப்பிரும்பு சிலிண்டர், பாயிண்ட் இக்னிஷன், வலக்காலில் 4 கியர், இடக்காலில் பிரேக் உள்ள பழைய 350 புல்லட்டைப் பற்றி. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்த பிறகு திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய வண்டியின் வழித்தோன்றல் இது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாக வரும் பிந்தைய மாடல்களுக்கு இதில் பல விஷயங்கள் பொருந்தாது.

புல்லட் என்றாலே ஆயில் ஒழுகத்தான் செய்யும் என்கிறார்களே?

அப்படிச் சொல்லிச் சொல்லியே பல நல்ல எஞ்சின்கள் வீணாகியிருக்கின்றன. சரியாகப் பூட்டிய பழைய புல்லட்டின் அடியில் அட்டை விரித்து இரவு முழுக்க நிறுத்தினாலும், காலையில் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் இருந்தால் மூன்றில் ஒன்று காரணம்: எஞ்சினுக்குள் அழுத்தம் வெளியேற வழியில்லை, மூடிகளின் முகம் வளைந்திருக்கிறது, அல்லது பேக்கிங் (இரண்டு முகங்களுக்கு நடுவே வைக்கும் அடைப்புத் தாள்), சீல், வாஷரின் ஆயுள் முடிந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் மூன்றாவதை மட்டும் மாற்றிவிட்டு, பத்து நாளில் மறுபடி ஒழுகுகிறதே என்று நொந்துகொள்கிறார்கள்.

எங்கிருந்து ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும், நிற்கும்போது அது கீழே வழியும். அதனால் கறை தொடங்கும் மிக உயரமான, மிக முன்பக்க இடத்தைத் தேட வேண்டும்.

எஞ்சின் ஆறியபின் மண்ணெண்ணெய் அல்லது டீசலைப் பிரஷ்ஷில் தொட்டு எஞ்சின், கியர்பாக்ஸ், செயின் பெட்டியின் பின்புறம் முழுவதையும் கழுவுங்கள். பெட்ரோல் வேண்டாம், ஒரு சூடான குழாயோ ஒரு பொறியோ போதும், வண்டியே போய்விடும். பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவி, பனியன் வேஸ்ட் துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். டேப்பட் மூடி (வலப்பக்கம் சிலிண்டரின் அடியில்), டைமிங் கவர் (வலப்பக்கம் பற்சக்கரங்களை மூடுவது), ராக்கர் மூடிகள் (எஞ்சினின் தலைப்பக்கம்), செயின் பெட்டி (இடப்பக்கம்) இவற்றின் இணைப்புக் கோடுகள் மேல் சாதாரண டால்கம் பவுடரை மெல்லத் தூவுங்கள். கோலமாவு தூவாதீர்கள். அது கல்பொடி, ஏதாவது இடுக்கு வழியாக உள்ளே போனால் பேரிங்கை அரைத்துவிடும்.

இனி 5 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் நனைந்து கோடு விழுந்த இடம்தான் கசியும் இடம். எதுவும் தெரியாவிட்டால் இன்னும் 10 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். சில கசிவுகள் எஞ்சின் முழுச் சூடானால்தான் தொடங்கும்.

ஆயிலின் நிறமும் மணமும்கூட உதவும். கருத்து, கருகிய மணம் அடித்தால் எஞ்சின் ஆயில். ஓரளவு தெளிவாக இருந்தால் கிளட்ச் பக்கச் செயின் பெட்டி. பிசுபிசுப்பாக, கந்தக மணத்தோடு இருந்தால் கியர்பாக்ஸ். இடப்பக்கம் பின்சக்கரத்தருகே கறை இருந்தால், பின்செயினுக்கு அளவுக்கு மிஞ்சிப் போட்ட ஆயிலாகவும் இருக்கலாம். அதைத் துடைத்துப் பார்த்துவிட்டு மற்றதைப் பிரியுங்கள்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பிரீதரை, அதாவது எஞ்சினுக்குள் சேரும் அழுத்தம் வெளியேறும் குழாய் வழியை. எந்தப் பேக்கிங்கையும் தொடுவதற்கு முன்னால் பிரீதர்.

பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் கேஸுக்குள் (எஞ்சினின் அடிக்கூடு) இருக்கும் காற்று நசுங்குகிறது. ஒற்றைச் சிலிண்டர் என்பதால் அதைச் சமன்செய்ய மேலே போகும் இன்னொரு பிஸ்டன் கிடையாது. அந்தக் காற்று பிரீதர் குழாய் வழியே போய், ஆயிலைப் பிரிக்கும் சிறு டப்பாவை அடைந்து வெளியேற வேண்டும். குழாயின் பாதையில் வாத்து அலகு போன்ற ஒரு ரப்பர் வால்வு இருக்கும். காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. இந்த ரப்பர் இறுகிப்போனாலோ, குழாய் மடங்கினாலோ, டப்பாவில் கசடு அடைத்தாலோ அழுத்தம் வேறு வழி தேடும். டேப்பட் மூடி, ராக்கர் மூடி, பாயிண்ட் டப்பா (ஸ்பார்க்குக்கான பாயிண்ட் இருக்கும் இடம்) என்று எந்த இணைப்பு பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும்.

வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து ஊதினால் எளிதாகப் போக வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதினால் அடைத்துக்கொள்ள வேண்டும். உதடுகள் ஒட்டியிருந்தால், வெடித்திருந்தால், விறைத்திருந்தால் புதிது போடுங்கள். சிறிய ரப்பர்தான், விலையும் அதிகமில்லை. திருப்பி மாட்டிவிட்டால் அழுத்தம் முழுக்க உள்ளேயே நிற்கும் என்பதால், கழற்றும்போதே அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். டப்பாவையும் குழாய்களையும் மண்ணெண்ணெயில் அலசிக் காய வைத்து மாட்டுங்கள்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, குழாய் முனையருகே கையை வையுங்கள். சின்னச் சின்ன மூச்சாக வந்தால் சரி. புகையோடு பலமாக ஊதினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் நிற்காது. சிலிண்டரைக் கடையும் போர் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

ஆயில் அளவு குறைவாகக் காட்டியது, ஊற்றினேன். அதற்குப் பிறகு ஒழுகல் அதிகமாகிவிட்டது. ஏன்?

மிகவும் அடிக்கடி நடக்கும் தவறு இது. இந்த எஞ்சினில் ஆயில் இருப்பது அடித்தொட்டியில் அல்ல, சிலிண்டருக்குப் பின்னால் கிராங்க் கேஸோடு வார்த்த தனி டேங்கில். ஒரு பம்பு அங்கிருந்து எடுத்து பேரிங்குகளுக்கு அனுப்பும். இன்னொரு பம்பு கீழே விழுந்ததைத் திருப்பி அனுப்பும். வண்டி சில வாரங்கள் ஓடாமல் நின்றால், டேங்கிலுள்ள ஆயில் பம்பின் இடைவெளி வழியே கசிந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். அப்போது டிப்ஸ்டிக் வைத்துப் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். ஆயில் எங்கும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதன்மேல் அரை லிட்டர் ஊற்றினால், ஓடத் தொடங்கியதும் எல்லாம் டேங்குக்குத் திரும்பி நிரம்பி வழியும், பிரீதர் வழியே துப்பும்.

சரியான முறை: எஞ்சினை 5 நிமிடம் ஓடவிடுங்கள், நிறுத்துங்கள், இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே, கீழ்க்கோட்டை ஒட்டி இருந்தால் போதும். மேல்கோடு வரை ஊற்றிய வண்டி பிரீதரில் துப்புவது பழைய மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியானால் கிக் அடிப்பதற்கு முன் அடியிலுள்ள கிராங்க் கேஸ் டிரெய்ன் நட்டைக் கழற்றி, இறங்கியிருக்கும் ஆயிலை வடித்து அளந்து, சுத்தமாக இருந்தால் வடிகட்டி டேங்கில் ஊற்றிவிடலாம். நிறைய ஆயில் இறங்கிய எஞ்சினை அப்படியே ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை சூழும், சீல்களுக்கும் கேடு. ஒரே வாரத்தில் டேங்க் காலியாகும் அளவுக்கு இறங்கினால் பம்பு தட்டுகளின் முகம் தேய்ந்திருக்கிறது. அவற்றை மெல்லிய பேஸ்ட் போட்டு உரசி உட்கார வைப்பது கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

உங்கள் வண்டியின் ஆண்டையும் மாடலையும் சொல்லி முழு பேக்கிங் செட் ஒன்று, டிரெய்ன் நட்டுகளுக்கான ஃபைபர் வாஷர்கள், ராக்கருக்குப் போகும் ஆயில் குழாய்க்கான காப்பர் வாஷர்கள், செயின் பெட்டிக்கான ரப்பர் வளையம், பிரீதர் வால்வு, ஆயில் ஃபில்டர், 20டபிள்யூ50 ஆயில் இரண்டரை லிட்டர். டேங்கின் கொள்ளளவு 2.25 லிட்டர், வடித்து மாற்றும்போது அதைவிடக் குறைவாகவே பிடிக்கும், அதனால் முழுவதையும் ஊற்றிவிடாதீர்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜி.பி. ரோட்டில் எல்லாமே கிடைக்கும்.

கருவிகளில் ஒரு எச்சரிக்கை. பழைய புல்லட்டுகளில் பிரிட்டிஷ் மரையும் மெட்ரிக் மரையும் கலந்திருக்கும். ‘கிட்டத்தட்ட’ பொருந்தும் ஸ்பேனரைப் போட்டால் நட்டின் முனை மழுங்கும். ரிங் ஸ்பேனரோ பாக்ஸ் ஸ்பேனரோ ஆட்டமில்லாமல் உட்கார்ந்தால் மட்டும் திருகுங்கள். கழற்றிய நட்டு கையால் சுலபமாகத் திரும்பாவிட்டால் வேறு மரை நட்டைக் கொண்டுவந்து பூட்டாதீர்கள்.

டேப்பட் மூடியில் கசிகிறது. எவ்வளவு முறுக்கினாலும் நிற்கவில்லை.

முறுக்கியதால்தான் நிற்கவில்லை. வலப்பக்கம் சிலிண்டரின் அடியில் உள்ள இந்த மூடியை நடுவிலிருக்கும் ஒரே நட்டுதான் பிடிக்கிறது. இறுக்க இறுக்க நடு உள்வாங்கி, ஓரங்கள் வெளியே வளையும். ஓரத்தில்தான் பேக்கிங் இருக்கிறது.

மூடியைக் கழற்றிப் பழைய பேக்கிங்கைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், அலுமினியத்தில் கீறல் விழும். ஒரு தடித்த கண்ணாடித் துண்டின்மேல் 400 எண் உப்புத்தாளை விரித்து, சிறிது மண்ணெண்ணெய் விட்டு, மூடியின் முகத்தை எட்டு வடிவில் தேயுங்கள். நான்கைந்து சுற்றுக்குப் பின் பாருங்கள். பளபளப்பு இரண்டு முனையில் மட்டும் தெரிந்தால் மூடி வளைந்திருக்கிறது. ஓரம் முழுவதும் ஒரே சீராக மின்னும்வரை தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். உப்புத்தாள் துகள் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. மூடி திறந்திருக்கும் நேரம் முழுக்கச் சுத்தமான துணியால் எஞ்சினின் வாயை அடைத்து வையுங்கள்.

புதிய பேக்கிங்கை மூடியின் பக்கம் மட்டும் மெல்லிய அனபாண்ட் (அடைக்கும் பசை) தடவி ஒட்டி, எஞ்சின் பக்கம் கிரீஸ் பூசுங்கள். அடுத்த முறை டேப்பட் சரிசெய்யத் திறக்கும்போது பேக்கிங் கிழியாது. நட்டின் அடியிலுள்ள வாஷரையும் மாற்றுங்கள். ஸ்டட் வழியேயும் ஆயில் வரும். கையால் இறுகும்வரை திருகி, அதன்பின் ஸ்பேனரால் கால் சுற்று. அவ்வளவுதான்.

ராக்கர் மூடிகள், ஆயில் குழாய்?

ராக்கர் மூடியை வைக்கும்போது நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஆயில் குழாயின் முனைகளில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு பக்கமும் வாஷர் உண்டு. பழைய காப்பர் வாஷரை மறுபடி போடவேண்டியிருந்தால் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், மென்மையாகிவிடும். ஆனால் புதிதுதான் நல்லது.

டைமிங் கவரை வீட்டில் பிரிக்கலாமா?

பிரிக்கலாம், ஆனால் இது வெறும் மூடி அல்ல என்பது நினைவில் இருக்க வேண்டும். ஆயில் பம்புகளும் ஃபில்டரும் இதற்குள்தான் இருக்கின்றன. கிராங்க் கேஸிலிருந்து கவருக்கு ஆயில் போகும் துளைகள் பேக்கிங்கைக் கடந்துதான் போகின்றன.

ஆயிலை வடித்து, தடையாக நிற்கும் ஃபுட்ரெஸ்ட், சைலன்சர் குழாயைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கே குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டு முறுக்கினால் வார்ப்பு வெடிக்கும். கவரை ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டி நேராக இழுங்கள். இடுக்கில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பிய வடுதான் பல வண்டிகளில் நிரந்தரக் கசிவாக இருக்கிறது. உள்ளே தெரியும் பற்சக்கரங்களை உருவாதீர்கள், டைமிங் மாறிவிடும். கிராங்க் முனையில் பம்பை ஓட்டும் திருகு நட்டு இடமரை கொண்டது. அதைத் தொடவே தேவையில்லை.

கவரின் உட்புறத்தில் கிராங்க் முனைக்கு ஆயில் நுழையும் இடத்தில் ஒரு சிறு சீல் இருக்கும். இந்த வேலையிலேயே முக்கியமானது அதுதான். அது தேய்ந்திருந்தால் ஆயில் வெளியே ஒழுகாது. பிக் எண்ட் பேரிங்குக்கு (கனெக்டிங் ராடின் அடிமுனையில் இருப்பது) போக வேண்டிய ஆயில் பக்கவாட்டில் கேஸுக்குள் கொட்டிவிடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் பேரிங் போய்விடும். கவர் திறந்த ஒவ்வொரு முறையும் அதை மாற்றுங்கள்.

பேக்கிங்கைப் பொருத்தும்போது எல்லா ஆயில் துளையும் திறந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலிக்கான் பேஸ்ட்டைப் புழு போலப் பிதுக்கி வைக்காதீர்கள். இறுக்கும்போது வெளியே பிதுங்குவதைப் போலவே உள்ளேயும் பிதுங்கும், உதிரும், ஆயில் வழியை அடைக்கும். இங்கே காகிதப் பேக்கிங்குக்கு இருபுறமும் லேசாகக் கிரீஸ் பூசினாலே போதும்.

பூட்டியபின் ஃபில்டர் அறையில் ஆயிலை நிரப்பி மூடுங்கள். ஸ்டார்ட் செய்து மெதுவாக ஓடவிட்டு, ராக்கர் குழாயின் மேல் போல்ட்டை அரைச்சுற்று தளர்த்திப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஆயில் எட்டிப் பார்க்க வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

பாயிண்ட் டப்பாவுக்குள் ஆயில் வந்து மிஸ்ஃபயர் ஆகிறது.

முதலில் பிரீதர், பிறகு டப்பாவின் சீலும் அடிப் பேக்கிங்கும். கழற்றுவதற்கு முன் டப்பாவுக்கும் எஞ்சினுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறி வையுங்கள். அதே கோட்டில் திரும்ப வைத்தால் டைமிங் பெரும்பாலும் மாறாது, ஆனாலும் சரிபார்த்துவிடுங்கள்.

இடப்பக்கச் செயின் பெட்டியில் ஒழுகல். நடு நட்டை இறுக்கலாமா?

டேப்பட் மூடியில் சொன்னது இங்கே பெரிய அளவில் நடக்கிறது. இவ்வளவு அகலமான மூடியை ஒரே நட்டு பிடிக்கிறது; ஓரத்தை அடைப்பது ரப்பர் வளையம். முறுக்க முறுக்க மூடி குழிந்து, முன்முனையும் பின்முனையும் திறக்கும்.

வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, அடியில் அகலமான தட்டு வையுங்கள். இடப்பக்க ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் கழற்றி, நடு நட்டை எடுத்து, மூடியை நேராக இழுங்கள். அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஆயில் கொட்டும். பள்ளத்திலிருந்து பழைய ரப்பரை எடுத்துவிட்டு, பள்ளத்தை முள்போன்ற மரக்குச்சியால் சுத்தம் செய்யுங்கள். பழைய பேஸ்ட் துண்டு ஒன்று இருந்தாலும் ரப்பர் சரியாக உட்காராது. மூடியைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து எங்கே இடைவெளி என்று பாருங்கள். மிகவும் வளைந்திருந்தால் வேறு மூடிதான்.

புதிய ரப்பரை இழுக்காமல் பள்ளத்தில் படியவைத்து, கிரீஸ் தடவி, மூடியை வைத்துக் கையால் நான்கு பக்கமும் அழுத்துங்கள். நடு நட்டுக்குப் புது வாஷர். ஓரம் சுற்றிலும் ஒரே அளவாக ஒட்டியதும் நிறுத்திவிடுங்கள். 420 மி.லி. ஆயில் ஊற்றி, அளவு ஸ்க்ரூவைத் திறந்து அது வழியே எட்டிப்பார்க்கிறதா என்று உறுதிசெய்து மூடுங்கள்.

எல்லாம் செய்தும் பின்புறம் ஈரமாக இருந்தால் ஆல்டர்னேட்டர் வயர் வெளியே வரும் ரப்பர் குரோமெட்டைப் பாருங்கள். வயரைச் சுற்றித் துடைத்து, சிறிது பேஸ்ட் வைத்து, ஓர் இரவு காயவிட்டால் நிற்கும்.

பிரேக் பெடலை மாட்டியபின் பிரேக்கைச் சரிபார்க்காமல் தெருவுக்கு வண்டியை எடுக்காதீர்கள். பின் டயரிலோ பிரேக் டிரம்மிலோ ஆயில் பட்டிருந்தால் டயரைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஆயில் குடித்த பிரேக் ஷூவை மாற்றியே ஆக வேண்டும்.

எஞ்சின் ஆயில் குறைகிறது, செயின் பெட்டியில் ஆயில் கூடுகிறது.

கிராங்க் தண்டின் இடப்பக்க ஆயில் சீல் போய்விட்டது. எஞ்சின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் எல்லாம் கழற்ற வேண்டும். அதற்கான புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமல் சுத்தியலால் தட்டி எடுக்கப் பார்த்தால் கிராங்க் தண்டே வளையலாம். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். கிராங்க் கேஸின் நடு இணைப்பில் கசிந்தாலும், சிலிண்டர் அடிப் பேக்கிங் போனாலும் அப்படித்தான்.

கியர்பாக்ஸில் ஒழுகல்?

பெரும்பாலும் யாரோ வெறும் ஆயிலை மட்டும் ஊற்றியிருப்பார்கள். இந்த 4 கியர் பெட்டி குழைவான கிரீஸுக்காக அமைந்தது. கிக் தண்டிலும் கியர் தண்டிலும் மெல்லிய ஆயிலைத் தடுக்கும் அளவுக்குச் சீல் இல்லை. வடித்துவிட்டு, குழைவான கிரீஸோடு சிறிது 90 எண் ஆயில் கலந்து நிரப்புங்கள். வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம். பற்கள் அதில் பள்ளம் பறித்துக்கொண்டு உராய்வில் ஓடும்.

டிரெய்ன் நட்டில் சொட்டுகிறது. மரை போய்விட்டதோ?

முதலில் ஃபைபர் வாஷரை மாற்றுங்கள். ஆயிலை மாற்றும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியது அது. நட்டு இறுகாமல் வெறுமனே சுற்றினால் மரை போயிருக்கிறது. டெஃப்ளான் டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள்; ஓடும்போது நட்டு விழுந்தால் மொத்த ஆயிலும் சாலையில்தான். லேத் பட்டறையில் கம்பிச்சுருள் மரை போட்டுத் தருவார்கள்.

வேலை முடிந்ததா என்று எப்படித் தெரியும்?

முதல் 20 கிலோமீட்டருக்குப் பின், எஞ்சின் ஆறியதும், மூடிகளின் நட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புதுப் பேக்கிங் சற்று அமுங்கியிருக்கும். இளகியிருந்தால் மட்டும் லேசாக இறுக்குங்கள். பிறகு மறுபடி டால்கம் பவுடர், 5 கிலோமீட்டர், டார்ச். இரவில் அடியில் ஒரு அட்டை. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றாமல் கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.